வராதவர் பட்டியல்

அந்த அஷ்டமிக் கூட்டத்துக்கு விவசாயிகள் சங்கத் தலைவர் கோவிந்தராசு மாமா வந்திருந்தார். மேட்டுத்தெருவிலிருந்து நிலம் வைத்திருக்கிற முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கழித்தெருவிலிருந்து அஞ்சலையும் இன்னும் பதின்மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம், அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. கடலூர் அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். செயலாளர் என்ற முறையில் நான் இருந்தேன். வராதவர் ஒரே ஒருவர்தான், லால்பேட்டை பாய்.

வந்தவர்கள் பெயரை எழுதுவது எப்போதும் என் வேலை. வராதவர்கள் பெயரை எழுதுவது பாய் வேலை. அன்றைக்கு இரண்டையும் நானே எழுதினேன்.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையையும் தாண்டி, உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. சுனாமியில் வயலெல்லாம் உப்பாகிப் போனது எல்லாருக்கும் தெரியும். இரண்டு மழைக்காலத்தில் அந்த உப்பு ஓரளவு கழுவிக்கொண்டு போய்விட்டது. போகாமல் நின்றது வேறொன்று. ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல்தண்ணீர் வடிகால் வாய்க்கால் வழியாக உள்ளே ஏறும். அது புதிதல்ல. ஆனால் போன வருஷம் நின்ற இடத்தில் இந்த வருஷம் நிற்கவில்லை. நாற்று நுனி சிவந்து கருகியது. கைபம்பு தண்ணீரில் பருப்பு வேகவில்லை. இதற்காகத்தான் கடலூரில் இருந்த ஒரு நிறுவனம் வாய்க்காலில் கரை போட்டு ஷட்டர் வைத்துத் தருகிறோம் என்று வந்தது. இடம் பார்த்து, மட்டம் பார்த்து, ஊரைக் கேட்டு வரச்சொல்லி அவர்கள் ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஆள்தான் பாய்.

நாற்பது வயது தாண்டியிருக்கும். முழங்கால்வரை மடித்துவிட்ட பேண்ட். தோளில் சுருட்டி மாட்டிய இருபது மீட்டர் டியூப். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூப், அதுதான். தண்ணீர் நன்றாகத் தெரியவேண்டும் என்று துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் நாலு துளி விட்டிருப்பார். லால்பேட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வருவார். கிள்ளை பஸ் கண்டக்டர் தினமும் கேட்பார்: “பாய், பாம்புக்கு டிக்கெட் எடுத்தியா?”

“அது பாஸு வச்சிருக்கு” என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தபோது சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். “எங்க மாப்ள எழுதுனா கலெக்டர் ஆபீசுலயே திருப்பி அனுப்ப மாட்டான்” என்று கோவிந்தராசு மாமா டீக்கடையில் சொல்வார். நானும் அதை நம்பினேன்.

முதல் கூட்டத்தில் நான் தீர்மான நோட்டைத் திறந்து வந்தவர்கள் பெயரை வரிசையாக எழுதி முடித்தேன். பாய் எட்டிப் பார்த்தார்.

“வராதவங்க யாரு தம்பி?”

மாமாவுக்குச் சுருக்கென்றது. “இத்தன பேரு வந்து குந்தியிருக்கோம். வராதவனப் பத்தி என்னா பாய்?”

“நீங்க எதுக்கு வந்தீங்கன்னு நீங்களே சொல்லிடுவீங்க மாமா. அவுங்க எதுக்கு வரலன்னு நான்தானே போயிப் பாக்கணும்.”

நோட்டை என்னிடமிருந்து வாங்கினார். தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சாய்ந்த பெரிய எழுத்தில், கேட்டுக் கேட்டு, கழித்தெருவின் பதினாலு பெயரையும் எழுதினார். அன்றிலிருந்து அந்த நோட்டு இரண்டு பக்கமிருந்தும் நிறைய ஆரம்பித்தது.

கழித்தெருப் பெண்கள் வராததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் கூட்டம் வைத்தது அமாவாசையில். அன்றைக்கு ஏர் பூட்ட மாட்டோம். கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் போகிறவர்களுக்கு அன்றைக்கு லீவு. ஊரே வீட்டில் இருக்கும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் அமாவாசையில் கடல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வற்றவும் செய்யும். கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு மாதத்தில் நன்றாகச் சம்பாதிக்கிற நாள் அதுதான்.

அவர்களைப் பார்க்க பாய் கழிக்குள்ளேயே இறங்கிப் போனார். நானும் போனேன். பதினாலு பேரும் மார்பளவுத் தண்ணீரில் தவழ்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தார்கள். பிடித்த இறாலை அதில்தான் போடவேண்டும். பாய் கரையோரத் தண்ணீரில் நின்று கேட்டார்: “ஷட்டர் எங்க வச்சா உங்களுக்குத் தோதுப்படும்?” அஞ்சலை நிமிர்ந்து பார்த்தார். வாயில் பறி. மறுபடி குனிந்துகொண்டார்.

“பாய், அவுங்களால பேச முடியாது” என்றேன்.

“தெரியுது. ரொம்பட்டும்.”

பறி நிறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அஞ்சலை கரையேறி, பறியை இறக்கி, தாடையைத் தேய்த்துக்கொண்டு முதலில் கேட்டது, “யோவ் பாய், உனுக்கு வூடு வாசல் இல்லியா?”

“இருக்குது. அங்கயும் கேப்பாங்க.”

அன்றைக்கு ஷட்டரைப் பற்றிப் பேச நேரமில்லை. இறால் கெட்டுப்போகும், ஏலத்துக்குப் போகவேண்டும். “அட்டமியில வா” என்றார் அஞ்சலை. “அன்னிக்குத் தண்ணி ஏறவும் ஏறாது, வத்தவும் வத்தாது. நாங்க சும்மாதான் கெடப்போம்.”

கூட்டத்தை அஷ்டமிக்கு மாற்றலாம் என்று பாய் வந்து சொன்னபோது மேட்டுத்தெருவே சிரித்தது. “அட்டமி நவமியில எவனாவது நல்ல காரியம் பேசுவானா? பாய்க்கு இதெல்லாம் தெரியாது” என்றார் மாமா.

“கழியில அட்டமிதான் மாமா ஞாயித்துக்கெழம.”

“அப்ப கழியிலயே கூட்டம் வச்சிக்க.”

பாய் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து பதினாலு பெயரையும் மறுபடி எழுதினார்.

அவரால் எங்கேயும் அப்படி இல்லாமல் இருக்க முடியாது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஒரு சார் திரையில் படம் போட்டு, வரப்போகிற வருஷங்களில் கடல் எதுவரை வரும் என்று நீலக் கலரில் காட்டினார். எல்லாரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் கையைத் தூக்கினார். “சார், வரப்போறது நல்லா தெரியுது. போன அமாவாசைக்கு எதுவரைக்கும் வந்துச்சுன்னு அங்க இருக்கறவங்கள யாராச்சும் கேட்டாங்களா?” சார் நல்ல மனிதர். இல்லை என்று ஒத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் பாய் பொட்டலங்களை எண்ணினார். இரண்டு மிஞ்சியது. யார் வரவில்லை என்று விசாரித்து, பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நின்ற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தன்னுடையதைப் பிரித்தார்.

அவர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு லால்பேட்டைக்கு மாமாவும் நானும் போனோம். பெரிய தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பாய் உட்காரவில்லை. மூன்று பேர் இருக்கிற தட்டாகத் தேடித் தேடிப் போய், “நாலாவது ஆளு எங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தட்டிலும் மூன்று பேர்தான். கடைசியில் வந்து உட்கார்ந்தார்.

“என்னா பாய், இங்கயும் அதே வேலயா?” என்றார் மாமா.

“எங்க ஊருல வராதவங்கதான் ஜாஸ்தி மாமா. துபாயி, சிங்கப்பூரு, குவைத்து. எங்க அத்தா மவுத்தானப்போ நானே வரல. அபுதாபியில இருந்தேன். எட்டு வருசம்.” கறித்துண்டை மாமா பக்கம் தள்ளிவிட்டார். “சாப்புடுங்க. ஆறிடும்.”

அப்பாவின் சாவைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஊரில் அவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அமாவாசைத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, டியூப் பிடித்து மட்டம் பார்த்து, வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கோடு போடுவார். ஒரு முனையை அவர் பிடிப்பார், இன்னொரு முனையை நான் பிடிப்பேன். மாமா வீட்டு வாசல் தூணில் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கோடு விழுந்தது. பொங்கலுக்கு மாமா அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார். தை பிறந்ததும் பாய் வந்து மறுபடி போட்டார்.

“யோவ், பொண்ணு பாக்க வர்றவன் என்னாய்யா நெனப்பான்?”

“தண்ணி வர்ற வூடுன்னு நெனப்பான். பொய்யா மாமா?”

டியூபைத் தூக்கும்போதெல்லாம் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நகத்தால் தட்டிக்கொண்டே வருவார். உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றால் போதும், இரண்டு முனையும் வேறு வேறு மட்டம் காட்டும். “குமிழி சின்னதுதான் தம்பி. ஆனா அது நம்மள நல்லா ஏமாத்திடும்” என்பார்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

மார்ச் முடிவதற்குள் தீர்மானம் கடலூருக்குப் போகவேண்டும். இரண்டு தெருவும் சம்மதித்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று தகவல் வந்தது. பாய்க்கு மஞ்சள் காமாலை. அஷ்டமிக்குத் தானே கழித்தெருவுக்குப் போவதாக இருந்தவர், மூன்று வாரமாக வரவில்லை. அஷ்டமிக்கு ஆறு நாள் இருந்தது. தீர்மானம் போகவேண்டிய நாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. “எழுதிடு மாப்ள” என்றார் மாமா. “உப்பு நின்னா அவுங்களுக்கும்தானே நல்லது? அவுங்க என்ன கெடுதல்னா சொல்லப்போறாங்க?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படித்தவன் நான், படத்தைப் பார்த்தவன் நான், ஷட்டர் எதற்கென்று புரிந்தவன் நான். பதினாலு பேரையும் நோட்டின் முன்பக்கத்தில், வந்தவர்கள் வரிசையில் எழுதினேன். அவர்கள் கைநாட்டு வைக்கிறவர்கள். பதினாலு ரேகையையும் என் இடது கை விரலாலும் வலது கை விரலாலும் மாற்றி மாற்றி வைத்தேன். மையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

பாய் உடம்பு தேறி வந்தபோது கண் இன்னும் லேசாக மஞ்சளாக இருந்தது. வந்ததும் கேட்டார்: “கழித்தெரு?”

“நானே போயிக் கேட்டேன் பாய். சரின்னுட்டாங்க.”

என் முகத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து பதினாலு பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தார். “நீ கேட்டா நான் கேட்ட மாதிரிதான்” என்றார். பிறகு வாய்க்கால் முகப்புக்குப் போய், நாங்கள் காட்டிய இடத்தில் மட்டம் பார்த்து முளைக்குச்சி அடித்தார். அடிப்பதற்கு முன் டியூபை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். என்னைத் தட்டிப் பார்க்கவில்லை.

கரையும் ஷட்டரும் ஆடியில் முடிந்தன. ஷட்டரை முதல் தடவையாக மூடிய கார்த்திகை அமாவாசை அன்று காலை ஒன்பது மணிக்கு மேட்டுத்தெரு முழுக்கக் கரைமேல் நின்றது. கடல் ஏறி வந்து, மூடிய ஷட்டரில் முட்டி நின்றது. இந்தப் பக்கம் எங்கள் சம்பா பச்சையாக இருந்தது. மாமா என் தோளைப் பிடித்தார். “பாத்தியா மாப்ள, கடலு வாசல்லயே நின்னுடுச்சு.”

அப்போதுதான் அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

தோணியில் போய் இறங்கியபோது கழித்தெருவில் முழங்காலளவு தண்ணீர். வாய்க்காலுக்குள் பரவி ஏறிக்கொண்டிருந்த தண்ணீருக்கு நாங்கள் வழியை அடைத்துவிட்டோம். அது அவர்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. அடுப்பு கரைந்து போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. தெருக்கோடி மணல்மேட்டில் ஓர் ஊற்றுக்குழி உண்டு. கழிக்கு நடுவில் அவர்களுக்கு இருந்த குடிதண்ணீர் அது ஒன்றுதான். சுனாமிக்குப் பிறகு இறைத்து இறைத்து நல்லதாக்கி வைத்திருந்தார்கள். அதற்குள் கடல் தளும்பிக்கொண்டிருந்தது.

அஞ்சலை அழவில்லை. ஊற்று ஓரத்தில் நின்று மாமாவைக் கேட்டார்: “மறிச்சீங்களே, மறிச்ச தண்ணி எங்க போவும்னு நெனச்சீங்க? அதுக்குன்னு வேற ஊரா இருக்குது?”

மத்தியானம் பாய் வந்தார். தோளில் டியூப் இருந்தது. அஞ்சலை அவரைப் பார்த்ததும், “நீயாவது கேப்பன்னு இருந்தேன். எந்த அட்டமிக்கும் ஒருத்தரும் வரலியே பாய்” என்றார்.

பாய் என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “நான் கேக்காம குச்சி அடிச்சிட்டேன். என் தப்புதான்.”

நோட்டைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தில், அடித்த பெயர்களுக்குக் கீழே பதினாலையும் மறுபடி எழுதினார். பதினைந்தாவதாகத் தன் பெயரை எழுதினார்.

நான் அன்றைக்கும் பேசவில்லை. கடலூரிலிருந்து விசாரிக்க வந்தார்கள். களப்பணியாளர் கழித்தெருவைக் கலந்து பேசாமல் இடம் குறித்துவிட்டார் என்று எழுதினார்கள். சாட்சிக்குச் செயலாளர் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். பாயின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. கிள்ளை பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம், “பாம்பு வரலியா?” என்று கேட்டார். படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு கழித்தெருவுக்கு மேட்டுத்தெருக் கைபம்பிலிருந்துதான் தண்ணீர். பெண்கள் காலையில் குடத்தோடு தோணியில் வந்து, வரிசையில் நின்று, பிடித்துக்கொண்டு போவார்கள். பருப்பு வேகாத அந்தத் தண்ணீரைத்தான். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். இரண்டு மாதம் அதைப் பார்த்தேன். தை முடிவதற்குள் ஷட்டரை என்ன செய்வது என்று பேச அலுவலகம் மறுபடி கூட்டம் கேட்டது. அஷ்டமியில் வைப்போம் என்றேன். மாமா மறுக்கவில்லை.

நான் முதலில் சொன்ன கூட்டம் அதுதான். எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன். பதினாலு ரேகையும் என்னுடையது, பாய் கேட்டபோது பொய் சொன்னேன், அவர் மேல் பழி விழுந்தபோதும் கையெழுத்துப் போட்டேன் என்று. மாமாவும் எழுந்தார். “அவன எழுதச் சொன்னது நானு” என்றார். மேட்டுத்தெருவில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அஞ்சலைதான் பேசினார். “எழுதத் தெரிஞ்சவன் எழுதுன. கேக்கத் தெரிஞ்சவர அனுப்பிட்டீங்க.” பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். “வாங்க, எடத்தக் காட்டுறேன்.”

அவர் காட்டிய இடம் வாய்க்காலில் இருநூறு அடி உள்ளே. அங்கே வைத்தால், ஏறுகிற தண்ணீர் முன்னால் இருக்கிற பள்ளத்தில் பரவி நின்றுவிட்டு வற்றிப் போகும், தெருவுக்குத் திரும்பாது. பள்ளத்தில் பாதி மாமாவின் நிலம். மாமா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நெல்லு வெளையாத எடம்தான், போவட்டும்” என்றார். அதில் நெல் விளைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அங்கே கழித்தெருப் பெண்கள் நட்ட, உப்புத்தண்ணீரில் வளர்கிற சுரபுன்னைக் கன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஊற்றுத் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஆக இரண்டு மழைக்காலம் பிடித்தது.

அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது ஒரே ஒரு பெயர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு இன்லண்டு லெட்டரில் எழுதி லால்பேட்டைக்கு அனுப்பினேன். கடலூர் அலுவலகத்துக்கும் எழுதினேன். அவர்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் போகவில்லை. சில மாதம் கழித்து அபுதாபிக்கே போய்விட்டார் என்று கண்டக்டர் சொன்னார்.

ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் தரமுடியாது என்று அலுவலகம் சொல்லிவிட்டதால், கரையை உடைத்து ஷட்டரைப் பெயர்த்து மாற்றி வைக்கிற செலவு ஊரின் தலையில் விழுந்தது. கழித்தெருவில் வாங்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். மேட்டுத்தெருவில் மட்டும் வசூல் நாற்பத்தோராயிரம் வந்தது. வேலை தொடங்குகிற வாரம் என் பெயருக்கு லால்பேட்டையிலிருந்து ஒரு மணியார்டர் வந்தது, அறுநூறு ரூபாய். செய்தி எழுதுகிற இடத்தில் சாய்ந்த பெரிய எழுத்தில் ‘கூட்டத்துக்கு வராதவர் பங்கு’ என்று இருந்தது.

அதையும் சேர்த்து நோட்டில் எழுதிக் கோடு போட்டேன். மொத்தம் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.